பார்த்தாளா, கேட்டாளா? – ‘டார்க் பிளேசஸ்’ நாவலின் ஏழு வயது சாட்சி

சகோதரி ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது. கில்லியன் ஃப்ளின் எழுதிய ‘டார்க் பிளேசஸ்’ நாவலைப் பாதி வரை படித்திருக்கிறார். ஒரே இரவில் அம்மாவும் இரண்டு அக்காக்களும் கொல்லப்படுகிறார்கள். தப்பித்த 7 வயதுக் கடைக்குட்டி லிபி, 15 வயது அண்ணன் பென்தான் கொன்றான் என்று கோர்ட்டில் சொல்கிறாள். அவனுக்கு ஆயுள் தண்டனை. “சின்னப் பிள்ளை பேச்சை வைத்து இப்படிச் செய்ய முடியுமா? இது நிஜக் கதையா? அந்தப் பொண்ணு பொய் சொல்றாளா? அவள்மேல் எனக்கு இரக்கமே வரவில்லை, கோளாறு எனக்கா அவளுக்கா?” இப்படி நாலு கேள்வி. கடைசியில், இதே மாதிரி ஒரு கதையைப் பினாங்குத் தமிழ்க் குடும்பத்தில் வைத்து எழுத ஆசை என்று ஒரு வரி.

எனக்கு இந்த நாலும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாத ஒரு குழந்தை பொய்சாட்சி சொல்லிவிட முடியுமா? முடியும். எப்படி என்று சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. மலேசியாவில், பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் 26 வருடம் கோர்ட்டில் தமிழ் ஜுருபாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அடுத்தவர் சொன்னதை என் வாயால் திரும்பச் சொல்வதுதான் பிழைப்பு. ஆகவே சட்டத்தைப் பற்றி நான் சொல்வது கேள்வி ஞானம், பக்கத்தில் நின்றே கற்றது. சொற்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன். கதையின் முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

நிஜக் கதையா என்பதை முதலில் முடித்துவிடலாம். இல்லை. 2009ல் வந்த கற்பனை நாவல். கதை நடக்கும் கின்னகீ என்ற ஊரும் கற்பனைதான். ஆனால் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலம், பண்ணை வீடு, குடும்பமே கொலை என்றதும் பலருக்கும் 1959 நவம்பரில் அதே மாநிலத்தின் ஹோல்கம் ஊரில் கிளட்டர் குடும்பத்து நால்வர் கொல்லப்பட்டது ஞாபகம் வரும். ட்ருமன் கபோட்டி ‘இன் கோல்ட் பிளட்’ என்ற புத்தகமாக எழுதியது அதைத்தான். அங்கே கொன்றவர்கள் வெளியாட்கள் இருவர். 1965ல் தூக்கிலிட்டார்கள். மூத்த மகள்கள் இரண்டு பேர் அந்த வீட்டில் வசிக்காததால் தப்பினார்கள், அவர்கள் எதையும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. லிபியின் நிலைமை வேறு. அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

ஃப்ளினின் நாவலுக்கு உரம் போட்டது 1980களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய இரண்டு சங்கதிகள். ஒன்று, பண்ணைக்காரர்களின் கடன். நிலத்தை அடகு வைத்து மேலே மேலே வாங்கியவர்கள் வட்டி கட்ட முடியாமல் விழுந்த காலம் அது. பேட்டி என்ற பெயர் கொண்ட லிபியின் அம்மாவின் ஒரு நாளைச் சொல்லும் அத்தியாயங்கள் முழுக்க இந்தக் கடன்தான் மூச்சு விடுகிறது. கொலையைவிட அந்தப் பக்கங்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இன்னொன்று, சாத்தான் வழிபாட்டுப் பீதி. கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1983ல், தன் பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று ஒரு தாய் கொடுத்த புகாரில் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். பள்ளிக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது என்கிற வரைக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். 1990ல் ஒருவர்மீதுகூடக் குற்றம் நிரூபணமாகாமல் வழக்கு முடிந்தது. முடியைக் கறுப்பாகச் சாயம் போட்ட பென்னை ஊரே ஒரு மாதிரியாகப் பார்ப்பதற்குப் பின்னால் இந்தக் காற்று இருக்கிறது. நமக்கு இது புதிதும் இல்லை. 2001ல் இங்கே ‘பிளாக் மெட்டல்’ என்ற ராக் இசையைப் பற்றிப் பீதி கிளம்பியபோது கறுப்பு டீ-சட்டை போட்ட பையன்களையெல்லாம் எப்படிப் பார்த்தோம் என்பது என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது.

இப்போது கோர்ட். 7 வயதுப் பிள்ளை சாட்சி சொல்லலாமா? நம் மலேசியாவில் சொல்லலாம். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு வயதுக் கணக்கே வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு புத்தியோடு பதில் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று புரியாத சின்னப் பிள்ளையாக இருந்தால், சத்தியம் செய்யாமலே சாட்சி சொல்ல 133ஏ பிரிவு வழி விடுகிறது. அதற்கு முன்னால் பிள்ளைக்கு உண்மை பேச வேண்டும் என்ற அறிவு இருக்கிறதா என்று நீதிபதி சோதிப்பார். பேர் என்ன, எந்தப் பள்ளி, பொய் சொல்வது சரியா தப்பா என்று கேட்பார். “பொய் சொன்னா என்ன ஆகும்?” என்று நான் தமிழில் கேட்டால், பத்தில் பாதிப் பிள்ளைகள் “சாமி கண்ணைக் குத்தும்” என்பார்கள். இதை மலாயில் அப்படியே சொன்னால் கோர்ட்டே திடுக்கிடும். ‘கடவுள் தண்டிப்பார்’ என்று சொன்னால் பிள்ளையின் வார்த்தையை நான் திருத்தியதாக ஆகும். நான் அப்படியே சொல்லிவிட்டு நீதிபதியின் முகத்தைப் பார்ப்பேன். பெரும்பாலும் சிரித்துவிட்டு எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் சாட்சி சொல்லலாம் என்பது வேறு, அதை மட்டும் வைத்து ஒருவனை உள்ளே தள்ளலாம் என்பது வேறு. நான் வேலை பார்த்த காலத்தில், சத்தியம் செய்யாத பிள்ளையின் வார்த்தையை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது. அதற்குத் துணையாக வேறு சான்று வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் இந்தக் கட்டுப்பாட்டை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது, அதில் நியாயம் இருக்கிறது, அந்தக் குற்றம் நடக்கும் இடத்தில் வேறு சாட்சி எங்கே இருக்கும்? திரை மறைவிலிருந்தோ வேறு அறையிலிருந்து காணொளி வழியாகவோ பிள்ளைகள் பேசுவதற்கு 2007லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இந்தப் பகுதியில் சட்டம் நகர்ந்துகொண்டே இருப்பதால், உங்கள் கதை இன்று நடப்பதாக இருந்தால் கையெழுத்துப் பிரதியை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இந்த நாவலின் கொலைகளைப் போல 1985ல் நடப்பதாக எழுதினால் இன்னொரு சங்கதியை மறக்காதீர்கள். அப்போது இங்கே கொலை வழக்குக்கு ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, உண்டு. 1995ல்தான் அது ஒழிந்தது. நீதிபதி பார்ப்பது போல ஜூரி ஒரு குழந்தையைப் பார்க்காது.

சரி, லிபி பொய் சொன்னாளா? நீங்கள் படித்த பாதியிலேயே இதற்கு விடை இருக்கிறது. அவள் ஜன்னல் வழியாகத் தப்பி, பனியில் ஒளிந்து, உறைகுளிரில் கால் விரல்களை இழந்தவள். கொலையை அவள் பார்க்கவில்லை, கேட்டாள். பிறகு பெரியவர்கள் அவளைத் தயார்படுத்துகிறார்கள். கூண்டில் ஏறும்போது ‘கேட்டேன்’ என்பது ‘பார்த்தேன்’ ஆகிவிட்டிருக்கிறது. நாவல் முழுக்க எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த ஒரு வினைச்சொல்தான். கொன்றது யார் என்று மற்றவர்கள் துப்பறியட்டும், அந்தச் சொல்லை மாற்றியது யார் என்று நான் தேடிக்கொண்டே படித்தேன். நம் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. பார்க்கக்கூடிய விஷயம் என்றால் பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும், கேட்கக்கூடியது என்றால் கேட்டவர் வந்து சொல்ல வேண்டும்.

என் கையாலேயே இப்படி ஒரு சொல் மாறியிருக்கிறது, அதைச் சொல்கிறேன். கொலை வழக்கு இல்லை. வீடு புகுந்து அடித்த வழக்கு, ஏதோ ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட். சாட்சிக்கு 9 வயது. இருட்டில் வீட்டுக்குள் வந்தது யார் என்று டி.பி.பி., அதாவது அரசுத் தரப்பு வக்கீல், கேட்டார், நான் தமிழில் கேட்டேன். பிள்ளை, “மாமான்னு தெரிஞ்சிச்சி” என்றது. நான் யோசிக்காமல் “சாயா நம்பாக் பாக்சிக்” என்றேன், அதாவது மாமாவைப் பார்த்தேன் என்று. எதிர்த்தரப்பு வக்கீல் தமிழர். உடனே எழுந்து, “அந்தப் பிள்ளை பார்த்ததாகச் சொல்லவே இல்லையே” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அனுமதி வாங்கி மறுபடி கேட்டேன், “எப்படிம்மா தெரிஞ்சிச்சி?” பிள்ளை சொன்னது: “மாமா செருப்பு சத்தம் வேற மாதிரி கேக்கும்.” ஆளைப் பார்க்கவே இல்லை. செருப்புச் சத்தம்.

நம் ‘தெரி’ என்ற வினையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதும் தெரிவதுதான், மனதுக்குத் தெரிவதும் தெரிவதுதான், ‘நல்ல ஆளாத் தெரியுது’ என்று தோன்றுவதும் அதுவேதான். மலாயில் பார்ப்பதற்கு ‘நம்பாக்’, அறிவதற்கு ‘தாஹு’, இரண்டுக்கும் தனித்தனிச் சொல். மொழிபெயர்ப்பவன் அந்த இடத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நான் கோர்ட்டில் செய்தது, தமிழ் தெரிந்த வக்கீல் இருந்ததால் பிடிபட்டது. ஆனால் கோர்ட்டுக்கு வருவதற்கு முன் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதும்போதே இது நடக்கும். அங்கே பிள்ளை பேசுவது தமிழ், தாளில் ஏறுவது மலாய். நடுவில் நிற்பது தமிழ் தெரிந்த ஒரு போலீஸ்காரர், சில சமயம் கூட வந்த சித்தி. அப்போது மாறிய சொல்லை அப்புறம் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, பிள்ளையும்கூட. தன் வாக்குமூலத்தைப் பத்து தடவை கேட்ட பிறகு, அதுதான் நடந்தது என்றே அதற்கு ஞாபகம் வந்துவிடும்.

இந்தக் கடைசி வரி என் ஊகம் இல்லை. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974ல் ஜான் பால்மர் என்பவரோடு சேர்ந்து செய்த சோதனை ஒன்று உண்டு. கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு ஒரு கூட்டத்திடம் ‘கார்கள் இடித்தபோது’ எவ்வளவு வேகம் என்றும், இன்னொரு கூட்டத்திடம் ‘கார்கள் மோதி நொறுங்கியபோது’ எவ்வளவு வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்கியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். இடித்தது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. இவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் அல்ல. குழந்தைகளிடம் இன்னொரு பலவீனம் உண்டு. ஒரே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பதிலை மாற்றும். நம் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் “அப்படியா? நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றாலே விடையை மாற்றிய பிள்ளைகள்தானே நாமெல்லாம்.

இதிலிருந்து ‘குழந்தை சாட்சியை நம்பாதே’ என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். அது பெரிய அநியாயம். “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று திறந்து கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், சின்னப் பிள்ளைகள் கொஞ்சமாகச் சொன்னாலும் சரியாகவே சொல்லும். கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நானே பல தடவை பார்த்திருக்கிறேன். ‘அண்ணன்தானே?’ என்று பேரை எடுத்துக் கொடுத்துக் கேட்கும் கேள்விதான் கெடுக்கிறது. பயங்கரமான சம்பவம் மனதில் கல்வெட்டாகப் பதியுமா, அல்லது மனமே அதை மூடிவிட்டு வருடக்கணக்கில் கழித்துத் திறக்குமா என்பதில் மட்டும் நிபுணர்களே 1990களிலிருந்து அடித்துக்கொள்கிறார்கள். லிபி 31 வயதில் பழைய இடங்களுக்குப் போகப் போக ஞாபகங்கள் எழுவதை அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, கோர்ட் அதை அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ளாது.

பென்னின் தண்டனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேன்சஸ் மாநிலத்தில் 1985ல் மரண தண்டனை நடைமுறையில் இல்லை, 1994ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே கதையில் ஆயுள் தண்டனை என்பது பொருத்தம்தான். இங்கே என்றால், குற்றம் நடந்தபோது 18 வயது ஆகாதவனைத் தூக்கில் போட முடியாது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 97ஆம் பிரிவு, தூக்குக்குப் பதில் ஆட்சியாளரின் விருப்பம் உள்ள வரை காவலில் வைக்கச் சொல்கிறது. பினாங்கில் நடந்த குற்றமென்றால் அந்த ஆட்சியாளர் ஆளுநர். அதாவது இத்தனை வருடம் என்ற எண்ணே கிடையாது. வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு குழு வந்து பார்க்கும், அவ்வளவுதான். 2001க்கு முந்திய சிறார் நீதிமன்றச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஒரு நாவலுக்கு இதைவிட இருண்ட இடம் வேண்டுமா? ஆயுள் கைதிக்காவது எண்ணிக்கொண்டிருக்க ஒரு கணக்கு இருக்கும்.

அப்புறம், இரக்கம் வரவில்லை என்றீர்களே. வரக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார். நம் கதைகளில் தப்பிப் பிழைத்த பெண் என்றால் இரண்டே வேஷம், ஒன்று அழுதுகொண்டிருப்பாள், இல்லாவிட்டால் அரிவாள் எடுப்பாள். லிபி இரண்டும் செய்வதில்லை. சோம்பேறி, கைநீளம், எரிச்சல்காரி. ஊர் இரக்கப்பட்டு அனுப்பிய நன்கொடையில் வளர்ந்து, அது தீர்ந்ததும் ‘கில் கிளப்’ என்ற கொலை ஆர்வலர் கூட்டத்துக்குச் செத்துப்போன அக்காக்களின் பொருள்களை விற்கக் கிளம்புகிறாள். எனக்கு இதுதான் புத்தகத்தின் பெரிய பலம். கோர்ட்டில் வளர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சம்பவம் நடந்த வாரத்தில் பிஸ்கட் டின்னும் பொம்மையுமாக ஊரே வரும். வழக்கு தள்ளித் தள்ளிப் போய் மூன்றாவது வருடம் வரும்போது கூட வர ஆள் இருக்காது. பெரியம்மா வீட்டிலிருந்து அத்தை வீடு, அங்கிருந்து இன்னொரு வீடு. அந்தப் பிள்ளை இனிமையாகப் பேச வேண்டும் என்று யார் எதிர்பார்க்க முடியும்? குறை சொல்ல வேண்டுமென்றால், பின்பாதியில் தற்செயல்கள் கொஞ்சம் அதிகம், சாத்தான் காட்சிகள் நீளம். நீங்கள் அங்கே வரும்போது அலுப்பாக இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

உங்கள் பினாங்குக் கதைக்கு வருகிறேன். சோளக் காட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். நமக்குத் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டு, ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. பண்ணைக் கடனுக்குப் பதில் ஆலோங் எனும் கந்துவட்டிக்காரர்களின் கடன் இருக்கிறது. ஃபிளாட்டில் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டில் நடப்பதெல்லாம் காதில் விழும், கண்ணில் விழாது. இந்தக் கதைக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. மொழியிலும் உங்களுக்கு ஆங்கில ஆசிரியருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை “அண்ணன் வந்தாங்க” என்று சொன்னால் யார் வந்தது? கூடப் பிறந்தவனா, பெரியப்பா மகனா, மேல்மாடிப் பையனா, ரொட்டிச்சானாய்க் கடைக்காரரா? நம் பிள்ளைகளுக்கு எல்லாருமே அண்ணன்தான். மலாயில் ‘அபாங்’ என்று மொழிபெயர்த்தாலும் அதே குழப்பம் கூடவே போகும். ‘வந்தாங்க’ என்பது மரியாதைக்குச் சொன்னதா, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்ததாலா? எழுதுகிற போலீஸ்காரர் இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். அந்த ஒரு வரியிலேயே உங்கள் நாவல் நிற்கும்.

2015ல் சார்லீஸ் தெரான் நடித்துப் படமாகவும் வந்திருக்கிறது. அதைப் புத்தகத்தை முடித்த பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம். எழுத ஆரம்பித்துக் கோர்ட் காட்சிக்கு வந்துவிட்டீர்கள் என்றால் இங்கேயே ஒரு வரி போடுங்கள். ஜுருபாசா எங்கே நிற்பார், பிள்ளை அழுதால் யார் தண்ணீர் கொடுப்பார், நீதிபதி எழுதி முடிக்கும் வரை சாட்சி எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்கிறேன்.